அமெரிக்காவில் துப்பாக்கியும் தற்காப்புச் சட்டமும்: புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலைக்கு வந்து சேரும் நம்மவர்களிடம் முதல் சில மாதங்களுக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்ச் போறோம், வர்றீங்களா?" கூப்பிடுபவர் நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிடுகிறார். ஆனால் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் ஒருவர், வேட்டை லைசென்ஸ் எதுவும் இல்லாமல், அந்தத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் ஒரு துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டால் அது ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. கூப்பிட்ட நண்பருக்கே இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அமெரிக்கக் குடிமகனான அவருக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்க்கையில் எழுந்ததே இல்லை.

துப்பாக்கி வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் வரவில்லை. வாங்க நினைப்பவர் எந்த வரிசையில் எதைச் சரிபார்க்க வேண்டும், தற்காப்புச் சட்டம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்த நிலைமைக்கு ஒரு வக்கீலைக் கேட்டே முடிவு செய்யுங்கள். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரே மாநிலத்திலும் அடிக்கடி திருத்தப்படும்.

முதல் படி: உங்கள் விசா

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் 2-வது திருத்தம் 1791-ல் வந்தது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல், ஹெல்லர் வழக்கில். அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது 2010-ன் மெக்டொனால்ட் வழக்கு. வெளியில் எடுத்துச் செல்வதும் அதில் அடங்கும் என்றது 2022-ன் ப்ரூயன் வழக்கு. செய்திகளில் காதில் விழும் "துப்பாக்கி உரிமை" இதுதான். அதைக் கேட்டு, இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் போல என்று நினைத்துவிடக் கூடாது.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 ஆகிய எல்லாமே தற்காலிக விசாக்கள். இவற்றில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் அதில் வரும். க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் க்ரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருப்பது க்ரீன் கார்டு கையில் இருப்பதற்குச் சமம் ஆகாது. இந்தியர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவது வேட்டை லைசென்ஸ். ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால், தற்காலிக விசாவில் இருப்பவரும் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், ரேஞ்சில் சுடலாம். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புது லைசென்ஸ் இல்லாமல் அலமாரியில் துப்பாக்கி இருந்தால், நேற்று வரை சட்டப்படி இருந்த அதே பொருள் இன்று குற்றம்.

இதைவிட ஆபத்தான ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போகிறது என்று வையுங்கள். பொதுவாக 60 நாள் வரை அவகாசம் கிடைக்கும். அதற்குள் வேறு வேலையோ வேறு விசா நிலையோ அமையாமல் தங்கிவிட்டால், அவர் சட்டப்படி தங்கும் தகுதியை இழந்தவர் ஆகிறார். வேட்டை லைசென்ஸ் விதிவிலக்கு, விசா நிலை சரியாக இருப்பவருக்கு மட்டும்தான். லைசென்ஸ் பையில் இருந்தாலும் அப்போது அது உதவாது. ஆகவே தற்காலிக விசாவில் துப்பாக்கி வாங்குபவர், வேலை போனால் அந்தத் துப்பாக்கியை எந்தக் கடையில் விற்பது, சட்டப்படி யாரிடம் ஒப்படைப்பது என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்து வைக்க வேண்டும்.

2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு இதற்கு நல்ல பாடம். மாணவர் விசாவில் ஃபுளோரிடா வந்த ஓர் இளைஞர், மதிப்பெண் குறைந்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விசா நிலை போன பிறகு ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்காகக் கைதாகி, 18 மாதத் தண்டனை பெற்றார். தன் விசா நிலை போய்விட்டது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்தத் தண்டனை நிற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வர வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வருடங்கள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறை ஒரு பக்கம் இருக்க, துப்பாக்கிக் குற்றம் குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்தலுக்குத் தனிக் காரணம். க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் தற்காலிக விசாவில் என்று இருந்தால், துப்பாக்கியும் பெட்டியின் சாவியும் குறியீட்டு எண்ணும் தகுதி உள்ளவரிடம் மட்டும் இருக்கட்டும். தன் பெயரில் இல்லாவிட்டாலும் எட்டி எடுக்கும் இடத்தில், தன் கட்டுப்பாட்டில் இருந்தால் அதையும் "வைத்திருப்பது" என்று நீதிமன்றங்கள் பார்க்கும்.

விசா எதுவானாலும், உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பெப்பர் ஸ்ப்ரேயை எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அனுமதிக்கின்றன. கலிபோர்னியாவில் அளவு 2.5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாம் படி: உங்கள் மாநிலம்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஜார்ஜியா 2022-லும் ஃபுளோரிடா 2023-லும் அதே வழிக்கு வந்தன. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இன்று இப்படித்தான். எடிசன், ஜெர்சி சிட்டி என நம்மவர்கள் நிறைந்த நியூ ஜெர்சியில் நிலைமை நேரெதிர். ரைபிள் வாங்கவே ஓர் அடையாள அட்டை வேண்டும், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். இல்லினாய்ஸில் எஃப்ஓஐடி என்ற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, பிறகு 10 நாள் காத்திருக்க வேண்டும்.

ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று நம்பாதீர்கள். 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டி வந்தார். போலீஸ் நிறுத்தியபோது, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். நேர்மையாகச் சொன்ன அவர் கைதாகி, வருடக் கணக்கில் சிறை செல்லும் நிலையில் நின்றார். 2015-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அது முடிவுக்கு வந்தது.

மூன்றாம் படி: வாங்குவது

லைசென்ஸ் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைபிள், ஷாட்கன் போன்றவற்றுக்கு 18 என்பது ஃபெடரல் விதி. சில மாநிலங்களில் அதற்கும் மேல். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். உங்கள் குடியுரிமை, விசா வகை, எந்த விதிவிலக்கில் வாங்குகிறீர்கள் என்பதெல்லாம் அதில் கேட்கப்படும். பிறகு எஃப்பிஐ-யின் என்ஐசிஎஸ் என்ற சோதனை அமைப்பு வழியாகப் பின்னணிச் சோதனை நடக்கும். படிவத்தை நிதானமாக, ஒவ்வொரு கேள்வியாகப் படியுங்கள். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் செய்வது, பின்னாளில் குடியேற்றப் பாதையையே அடைக்கக்கூடிய பொய். மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் ஃபெடரல் படிவம் அதைப் பற்றியும் கேட்கும்.

தகுதி இல்லாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது தனிக் குற்றம். நண்பர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். டெக்சாஸில் தனி ஆட்களிடம் வாங்கும்போது பின்னணிச் சோதனை கட்டாயம் இல்லை. சோதனை இல்லை என்பதால் தடை இல்லாமல் போகாது.

குடும்ப வன்முறை வழக்கில் சிறு தண்டனை பெற்றிருந்தாலும் 1996 முதல் ஃபெடரல் தடை உண்டு. வன்முறைத் தடுப்பு ஆணைக்கு உட்பட்டவரின் துப்பாக்கியைத் தடை செய்வது செல்லும் என்று 2024-ல் ராஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது டெக்சாஸிலிருந்து போன வழக்கு. வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தடுப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போகும்போது, கணவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: பூட்டு

துப்பாக்கி வாங்கும் அன்றே பெட்டகமும் வாங்குங்கள். அமெரிக்கத் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். 2020 முதல் இந்நாட்டுக் குழந்தைகள், பதின்ம வயதினரின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. திருடனை மனதில் வைத்து வாங்கும் பொருள், மனம் உடைந்த ஒரு மகனின் கையில் சிக்குவதுதான் எனக்கு அதிகப் பயம். டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக் குறைவாக விட்டு வைப்பதே குற்றம். மிச்சிகனில் 2021-ல் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் நான்கு சக மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். 2024-ல் அவனுடைய அப்பா, அம்மா இருவருமே, கொல்லும் நோக்கம் இல்லாமல் மரணத்துக்குக் காரணமான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள், தலா 10 முதல் 15 ஆண்டு.

துப்பாக்கியே இல்லாத பெற்றோருக்கும் இந்தப் படியில் ஒரு வேலை உண்டு. பிள்ளை வேறொரு வீட்டில் விளையாடவோ இரவு தங்கவோ போகும் முன், அந்த வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அலர்ஜி பற்றிக் கேட்கும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். இங்கே இதைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

ஐந்தாம் படி: வீட்டை விட்டு வெளியே

பள்ளி வளாகம், ஃபெடரல் கட்டடங்கள், தபால் அலுவலகம் ஆகியவற்றுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது. டெக்சாஸில் கடை வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்களோடு துப்பாக்கித் தடைப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். சிவப்பில் 51% என்று எழுதிய பலகை மது விற்பனையே முக்கிய வருமானமான இடத்தைக் குறிக்கும், அங்கே கொண்டு போகக் கூடாது. கோயிலுக்கும் நிர்வாகம் வைத்த அறிவிப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

விமானத்தில் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் பையில், அறிவித்துத்தான் அனுப்ப வேண்டும். பல மாநிலங்களைக் கடந்து போவோருக்கு 1986-ன் ஃபெடரல் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி இருக்க வேண்டும், துப்பாக்கி தோட்டா இல்லாமல் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு மெல்லியது. யூட்டாவிலிருந்து வந்த ஒரு பயணி 2005-ல் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியோடு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கியை முறைப்படி அறிவித்தபோது கைதானார். பின்னால் அவர் தொடுத்த வழக்கிலும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை.

ஆறாம் படி: தற்காப்புச் சட்டத்தைப் புரிந்துகொள்வது

இதை மட்டும் துப்பாக்கி வாங்கும் முன்பே முழுதாகப் படித்துவிட வேண்டும். இந்தியாவிலும் தற்காப்பு உரிமை உண்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில். அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்பது அங்கே பொது விதி. அமெரிக்காவில் அடிப்படை நோக்கம் ஒன்றேதான், ஆனால் "விலகிப் போயிருக்கலாமே" என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது.

நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில், வீட்டுக்கு வெளியே நீங்கள் பத்திரமாக விலக வழி இருந்தும் விலகாமல் உயிர் போகும் அளவுக்குத் தாக்கினால் தற்காப்பு வாதம் நிற்காது. ஃபுளோரிடா 2005-லும் டெக்சாஸ் 2007-லும் அந்தக் கடமையை நீக்கின. இதைத்தான் "ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்" என்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும்போது விலக வேண்டியதில்லை என்பது "காஸில் டாக்ட்ரின்". விலகும் கடமை உள்ள மாநிலங்களும் பொதுவாக வீட்டுக்குள் அந்தக் கடமையை வைப்பதில்லை.

எந்த மாநிலமானாலும் ஜூரி சில கேள்விகளைச் சுற்றியே வரும். சண்டையை ஆரம்பித்தது யார்? ஆபத்து அந்த நொடியில் இருந்ததா, முடிந்துபோன ஒன்றா, வரப்போவதாக நினைத்ததா? எதிராளியின் தாக்குதலுக்கு ஈடான பலம்தானா நீங்கள் காட்டியது? உங்கள் இடத்தில் நிதானமுள்ள வேறு ஒருவர் இருந்தாலும் அப்படித்தான் பயந்திருப்பாரா?

2018-ல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடத்தைப் பற்றி ஒருவர் ஒரு பெண்ணிடம் வாக்குவாதம் செய்தார். அந்தப் பெண்ணின் துணைவர் கடையிலிருந்து வந்து அவரைக் கீழே தள்ளினார். விழுந்தவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார், தள்ளியவர் இறந்தார். "ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்" சட்டத்தைக் காட்டி முதலில் கைதுகூடச் செய்யவில்லை. ஆனால் கேமரா பதிவில், துப்பாக்கியைக் கண்டதும் தள்ளியவர் பின்வாங்கியது தெரிந்தது. 2019-ல் சுட்டவருக்கு 20 ஆண்டு சிறை. தள்ளப்பட்டது உண்மை. ஆனால் எதிராளி பின்னால் நகரத் தொடங்கிய நொடியிலேயே ஆபத்து முடிந்துவிட்டது.

வீட்டுக்குள்ளும் எல்லை உண்டு. மான்டானாவின் மிசூலாவில் 2014-ல் ஒருவர் தன் கராஜ் கதவைத் திறந்துபோட்டு, சென்சார் வைத்து, யாராவது நுழையட்டும் என்று காத்திருந்தார். நுழைந்தவன் ஜெர்மனியிலிருந்து வந்த 17 வயது மாணவன். சுட்டவர் காஸில் டாக்ட்ரினைச் சொல்லித்தான் வாதாடினார். கிடைத்தது 70 ஆண்டுச் சிறை.

டெக்சாஸ் சட்டம், யாராவது பலவந்தமாக உங்கள் வீட்டிலோ காரிலோ நுழைந்தால் உங்கள் பயம் நியாயமானது என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. அதற்கு நிபந்தனை உண்டு: நீங்கள் தூண்டியிருக்கக் கூடாது, சிறு போக்குவரத்துத் தவறு தவிர வேறு குற்றம் எதிலும் அந்த நேரத்தில் ஈடுபட்டிருக்கக் கூடாது. விசாவால் தடுக்கப்பட்டவர் வைத்திருக்கும் துப்பாக்கியே ஒரு குற்றம் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். திருடன் கதவை உடைத்து வந்த இரவிலும், அவர் அந்த அனுமானத்தை இழக்கக்கூடும்.

வாய்ச்சொல் எவ்வளவு கீழ்த்தரமாக இருந்தாலும், டெக்சாஸில் அது மட்டும் கைநீட்டக் காரணம் ஆகாது. சாலையில் ஒருவன் குறுக்கே வந்து கெட்ட வார்த்தை சொன்னால், துப்பாக்கியை எடுத்துக் காட்டிப் பயமுறுத்துவதும் பல சூழல்களில் குற்றமே. இரவில் திருட்டைத் தடுக்கச் சுடலாம் என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, நண்பர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பொருளை வேறு வழியில் காக்கவோ மீட்கவோ முடியாது என்பது போன்ற கடும் நிபந்தனைகள் அதற்கு உண்டு. போனது லேப்டாப் என்றால் போகட்டும். இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால்

முதலில் பத்திரமான இடத்துக்கு விலகுங்கள். 911-ஐ அழைத்து, முகவரியையும் ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். போலீஸ் வரும்போது கையில் துப்பாக்கி இருக்கவே கூடாது, வந்திருப்பவர்களுக்கு யார் தாக்கியவர் என்று தெரியாது. தாக்கப்பட்டேன், சாட்சி இவர், தடயம் இங்கே என்ற அளவுக்குச் சொல்லிவிட்டு, "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா மௌனமாக இருந்தால் அது உரிமையைக் கோரியதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம்மவர்களுக்கு இது கடினம். மரியாதையாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நடுக்கத்தில் சொன்ன ஒரு தவறான நேரம், ஒரு தவறான தூரம் பிறகு பொய்யாகப் படிக்கப்படும்.

இந்திய, இலங்கைக் குடிமக்கள் கைதானால், தங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலும் வேண்டும், ஏனென்றால் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளும் சமரசம் விசாவைப் பறிக்கலாம்.

துப்பாக்கி இல்லாதவர்கள் அறிய வேண்டியது

1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் தவறான வீட்டு மணியை அழுத்தினான். வீட்டுக்காரர் நில்லு என்று கத்தியதைப் புரிந்துகொள்ளாமல் முன்னால் நடந்தவனைச் சுட்டுக் கொன்றார். கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனவர், பெற்றோர் போட்ட சிவில் வழக்கில் தோற்றார். 2023-ல் மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்து வரப் போன 16 வயதுப் பையனும் இப்படியே தவறான வீட்டு வாசலில் சுடப்பட்டான். முகவரியில் தெருப் பெயரின் கடைசிச் சொல் மட்டும் வேறு. அவன் பிழைத்தான், சுட்ட முதியவர் 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே முகவரியை இரண்டு முறை பாருங்கள். மணி அடித்துவிட்டு நாலடி பின்னால் நில்லுங்கள். இருட்டிய பிறகு என்றால் போன் செய்துவிட்டே இறங்குங்கள். கொல்லைப்புறக் கேட்டைத் திறந்துகொண்டு போகாதீர்கள். போலீஸ் காரை நிறுத்தினால், ஊர்ப் பழக்கத்தில் இறங்கிப் போய்ப் பேசாதீர்கள். உள்ளேயே இருந்து, விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியும்படி வையுங்கள். ஆவணம் எடுக்கும் முன், எங்கே கையை விடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். காரில் துப்பாக்கி இருந்தால் அதையும் அமைதியாகச் சொல்லுங்கள், சில மாநிலங்களில் அது கட்டாயம்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் இதையெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். மாலை நடைக்குப் போகும் அவர்களுக்கு எல்லா வீடும் ஒரே மாதிரி தெரியும். வீட்டு எண்ணைத் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், கூடவே உங்கள் போன் நம்பரையும்.